ஒரு பவுண்டு தானியம்

1877 ஜனவரியில், டெல்லி தர்பாரின் வாணவேடிக்கைப் புகை அடங்குவதற்குள், சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்குக் கிளம்பினார். வைஸ்ராய் லிட்டன் பிரபு அவருக்குக் கொடுத்திருந்த பதவி 'பஞ்சப் பிரதிநிதி'. செலவைக் குறைப்பதுதான் வேலை. அவர் கொண்டுவந்த மாற்றங்களில் ஒன்று அவர் பெயரிலேயே வரலாற்றில் நின்றுவிட்டது. நிவாரணப் பணியில் கல் உடைக்கும், மண் சுமக்கும் ஒரு ஆணுக்கு ஒரு நாள் கூலி, ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்கு மேல் ஒரு அணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. அதற்கு முன்பு சென்னை அரசு ஒன்றரை பவுண்டு என்ற கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு பவுண்டு என்றால் 454 கிராம். நம்ம வீட்டில் அரிசி அளக்கும் டம்ளரில் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

இந்த ஒரு பவுண்டைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். மனிதனின் தாக்குப்பிடிக்கும் சக்தியைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். என் அலுவலகத்தில் பாதிப் பேர் மராத்தான் ஓடுகிறார்கள், மீதிப் பேர் செயலி வைத்துக்கொண்டு பதினாறு மணி நேரம், முப்பத்தாறு மணி நேரம் என்று பட்டினி கிடக்கிறார்கள். வலியைத் தாண்டு, மனசுதான் எல்லாம் என்று சொல்லும் பாட்காஸ்ட்டுகளுக்குக் குறைவே இல்லை. அதில் எனக்குப் புகார் ஒன்றும் கிடையாது, நானும் கேட்கிறவன்தான். ஆனால் 'தாங்குவது' என்பதை ஒரு அரசாங்கம் எண்ணாக மாற்றி, அந்த எண்ணை லட்சக்கணக்கான உடம்புகளின் மேல் வைத்துப் பார்த்த கதை நம்ம ஊர் மண்ணில் நடந்திருக்கிறது. அந்தப் பாட்காஸ்ட்டுகளில் அது வராது.

நம்ம ஊர் என்று நான் சொல்வது சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் கீழே விரிந்து கிடக்கும் சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்துச் சமவெளியை. செம்மண், நடுநடுவே பாறை, வானம் பார்த்த காடு. (எங்கள் பக்கம் காடு என்றால் வனம் கிடையாது, புன்செய் நிலம்.) மேற்கே காவிரி ஓடுகிறது, ஆனால் ஆற்றோரம் தாண்டிவிட்டால் கிணறும் மழையும்தான் கதி. கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, கொள்ளு இவைதான் அன்றைய பயிர்கள். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வரைக்கும் நீண்டது. நாமக்கல்லும் அதில் ஒரு தாலுகா.

இப்படிப்பட்ட நிலத்தில் தாக்குப்பிடிப்பதற்கு மக்கள் கண்டுபிடித்து வைத்திருந்த கருவி தானியக் குழி. கேழ்வரகுக்கு ஒரு விசேஷம் உண்டு. பூச்சி எளிதில் அண்டாது, காற்றுப் படாமல் மண்ணுக்குள் மூடி வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. மேட்டு நிலத்தில் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, தானியத்தைக் கொட்டி, வாயை மூடி மண் மெழுகிவிடுவார்கள். நல்ல வருஷத்தின் மிச்சம் கெட்ட வருஷத்துக்குச் சாப்பாடு. மனோதிடம் என்று நாம் சொல்வதில் பாதி, குழியில் தானியம் இருக்கிறது என்ற நினைப்புதான் என்று எனக்குத் தோன்றும். வங்கிக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம் இருக்கிறவன் வேலை போனால் காட்டும் நிதானத்தையும், இல்லாதவன் காட்டும் பதற்றத்தையும் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். தீர்வை பணமாகக் கட்ட வேண்டும். பணம் வேண்டுமென்றால் தானியத்தை விற்க வேண்டும். 1860-களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. விலை எங்கே அதிகமோ அங்கே தானியம் போனது. இதெல்லாம் சதி என்று சொல்ல மாட்டேன், வியாபாரம்தான். ஆனால் எண்பது வருஷத்தில் குழிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகியிருந்தன.

1876-இல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. எல் நினோ என்று இன்று நாம் பெயர் சொல்லும் விஷயம். அது தாது வருஷம். தமிழ்நாட்டில் அந்தப் பஞ்சத்துக்கு இன்றும் பெயர் தாது வருஷப் பஞ்சம்தான். சென்னை, மைசூர், ஹைதராபாத், பம்பாய் எல்லாவற்றையும் அது பிடித்தது. செத்தவர்களின் எண்ணிக்கை யார் கணக்குப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து 55 லட்சத்திலிருந்து 80 லட்சத்துக்கு மேல் வரை போகிறது. ஜெயமோகனின் 'வெள்ளை யானை' படித்தவர்களுக்கு சென்னைப் பட்டணத்தில் அந்தப் பஞ்சம் எப்படி இருந்தது என்ற சித்திரம் மனசில் இருக்கும். வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்களை இணையத்தில் எல்லோருமே ஒருமுறையாவது பார்த்திருப்போம். விலா எலும்புகள் எண்ணும்படி, குடும்பம் குடும்பமாக உட்கார வைத்து எடுத்தவை. அந்தப் படங்கள் கடைசிக் கட்டத்தை மட்டும் காட்டுகின்றன. அதற்கு முன்னாடி நடந்ததுதான் தாக்குப்பிடித்தல்.

பஞ்சத்தில் குடும்பங்கள் நடந்துகொள்வதற்கு ஒரு வரிசை உண்டு, அது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் சாப்பாட்டைக் குறைப்பார்கள்: மூன்று வேளை இரண்டாகும், களி கூழாகும், கூழ் நீராகாரமாகும். அடுத்தது காட்டுத் தீனி. சப்பாத்திக்கள்ளிப் பழம், கற்றாழைக் கிழங்கு, வறுத்த புளியங்கொட்டை, பேர் தெரியாத கீரை. பிறகு நகையும் பாத்திரமும் விற்கப்படும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் ஒன்றுமில்லாத விலைக்குப் போகும். மாடு விற்பது கடைசிக்கு முந்தியது. விதையைத் தின்பது கடைசி. அதற்கப்புறம் ஊரை விட்டு நடப்பது.

அலெக்ஸ் டி வால் என்ற ஆய்வாளர் 1984-85-இல் சூடானின் டார்ஃபூர் பஞ்சத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் கவனித்த விஷயம் என்னை ரொம்ப நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மக்கள் கையில் தானியம் இருக்கும்போதே பட்டினி கிடந்தார்கள். மாட்டை விற்றுச் சாப்பிட்டிருக்கலாம், விற்கவில்லை. விதையைச் சமைத்திருக்கலாம், சமைக்கவில்லை. உயிர் பிழைப்பதைவிட, மழை வந்தால் திரும்பவும் விவசாயியாக எழுந்து நிற்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் பசியை மட்டும் அளந்தார்கள், உள்ளே இருந்தவர்கள் அடுத்த வருஷத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

ராசிபுரத்தில் என் அம்மிச்சி வீட்டில் விதை கட்டி வைக்கிற பானை தனியாக இருக்கும். அதில் கை வைத்தால் அடி விழும். "அது திங்கறதுக்கில்லடா" என்பாள், அவ்வளவுதான் விளக்கம். நான் அவசரமாகச் சாப்பிட்டால் "பஞ்சத்துல அடிபட்டவனாட்டம் திங்காத சாமி" என்பாள். அவள் பிறந்தது அந்தப் பஞ்சத்துக்கு அறுபது வருஷம் கழித்து. வசவு மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

டெம்பிளுக்கு வருவோம். அவரைச் சினிமா வில்லனாகப் பார்க்க முடியாது என்பதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி. 1873-74-இல் பிகாரிலும் வங்காளத்திலும் பஞ்சம் வந்தபோது இதே மனிதர் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை இறக்கி, தாராளமாகக் கொடுத்து, சாவே ஏறக்குறைய இல்லாமல் பார்த்துக்கொண்டார். அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. காசை வாரி இறைத்துவிட்டார், மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார் என்று வசவு விழுந்தது. மூன்று வருஷம் கழித்துச் சென்னைக்கு வந்த டெம்பிள், அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வந்த டெம்பிள். ஒரு முறை சரியாகச் செய்து அடிவாங்கிய அதிகாரி அடுத்த முறை என்ன செய்வார் என்பது எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் தெரியும்.

ஒரு பவுண்டு போதும் என்பதற்கு அவரிடம் ஆதாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. செய்து பார்க்கலாமே என்ற தொனிதான். எதிர்த்து நின்றவர் மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் என்ற மருத்துவர். அவருடைய வாதம் எளிமையானது. சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு வேண்டியது வேறு, கல் உடைக்கும் உடம்புக்கு வேண்டியது வேறு. சிறைக் கைதிக்கே சென்னை அரசு இதைவிட அதிகம் கொடுக்கிறது. வெறும் தானியம் போதாது, பருப்பு வேண்டும், அதாவது இன்று நாம் புரதம் என்று சொல்வது வேண்டும். இருவரும் மாறி மாறிக் குறிப்புகள் எழுதினார்கள், அந்தக் குறிப்புகள் பெரிய சண்டையாக வளர்ந்தன. (கார்னிஷ் புரதத்துக்காக மல்லுக்கட்டிய மாகாணத்தில்தான் இன்று நாமக்கல் இருக்கிறது, அங்கிருந்துதான் பள்ளிச் சத்துணவுக்கு முட்டை போகிறது. அவருக்கு இதைச் சொல்ல வழியில்லை.)

பொறியாளன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரிசியில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. 454 கிராமுக்கு 1,590 வரும். கேழ்வரகு என்றால் இன்னும் குறைவு, 1,500 பக்கம். அந்த ஒரு அணாவில் உப்பு, மிளகாய், விறகு எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக் டேவிஸ் தன்னுடைய புகழ்பெற்ற புத்தகத்தில் டெம்பிள் கூலியை நாஜி வதைமுகாம் ஒன்றின் உணவளவோடு ஒப்பிட்டிருக்கிறார். அந்த ஒப்பீடு கோபத்தைக் கிளப்பும், ஆனால் விஷயத்தை விளக்காது. எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது மினசோட்டா.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் ஒரு பரிசோதனை தொடங்கினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். மூன்று மாதம் ஒழுங்கான சாப்பாடு, நாளுக்கு 3,200 கலோரி அளவில். அடுத்த 24 வாரம் ஏறக்குறைய 1,570 கலோரி. வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்லத் தேற்றுதல்.

1,570. டெம்பிளின் ஒரு பவுண்டு.

அந்த இளைஞர்கள் சராசரியாக உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். நாடித்துடிப்பு தணிந்தது, கோடையிலும் குளிர்ந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆய்வாளர்களை உலுக்கியது மனசுக்கு நடந்தது. உலகத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் போனது, சாப்பாட்டைத் தவிர. சமையல் புத்தகங்களைச் சேகரித்து விடிய விடியப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். நண்பர்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுந்தார்கள். பெண்களைப் பற்றிய நினைப்பே அற்றுப்போனது. ஒருவர் விறகு வெட்டும்போது தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். வேண்டுமென்றே செய்தேனா என்று அவருக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவர்கள் கொள்கைக்காகச் சிறைக்கும் தயாராக இருந்தவர்கள், படித்தவர்கள், எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், பக்கத்திலேயே மருத்துவர், முடியும் தேதி நாள்காட்டியில் இருக்கிறது. அப்படியிருந்தும் இப்படி.

சேலம் சமவெளியில் நிவாரணப் பணிக்கு வந்தவர் ஆரோக்கியமான உடம்போடு வரவில்லை. ஏற்கெனவே பல மாதம் குறைத்துச் சாப்பிட்டு, கள்ளிப்பழம் தின்று, மாட்டை இழந்த பிறகு வந்தவர். செய்தது நடைப்பயிற்சி இல்லை, வெயிலில் கல் உடைத்தல். முடியும் தேதி எந்த நாள்காட்டியிலும் கிடையாது. மனம் வலுவாக இருந்தால் உடம்பு தாங்கும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மினசோட்டா காட்டியது, மனமும் அதே சோற்றில்தான் ஓடுகிறது என்பதை. பட்டினியில் வைராக்கியம் தனியாக ஒரு டாங்கில் சேமித்து வைக்கப்படுவதில்லை.

நிவாரணத்தின் இன்னொரு கோட்பாடு, சோதனை. கூலி இவ்வளவு குறைவாகவும் வேலை இவ்வளவு கடினமாகவும் இருந்தால், நிஜமாகவே வழியில்லாதவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்ற எண்ணம். கேட்பதற்கு நேர்த்தியான தர்க்கம். ஓட்டை எங்கே என்றால், வராதவன் எல்லாம் வசதியாக இருக்கிறான் என்று அது படித்துக்கொள்ளும். மானத்துக்கு அஞ்சி வராதவர் உண்டு. கஞ்சித்தொட்டியில் யார் சமைத்தது என்ற சாதிக் கேள்வியில் நின்றுபோனவர் உண்டு. வீட்டையும் மிச்சமிருக்கும் ஒரு மாட்டையும் விட்டுவிட்டுத் தூரத்து முகாமுக்குப் போக முடியாதவர் உண்டு. இவர்கள் வந்து சேர்ந்தபோது வேலை செய்யும் நிலையில் இல்லை. சர்வர் செத்த பிறகு அடிக்கும் அலாரத்தை வைத்துக்கொண்டு, இவ்வளவு நாள் அலாரம் அடிக்கவில்லையே, எல்லாம் நன்றாகத்தானே இருந்தது என்று சொல்வது மாதிரி. அதிகம் தாங்கியவன் கணக்கில் ஏறாமலேயே செத்தான். முதலில் விழுந்தவர்கள் யார் என்பதில் சந்தேகமில்லை. நிலமில்லாத கூலிகள், தலித் மக்கள். தாங்குவதற்குக் குழியும் இல்லை, விற்பதற்கு மாடும் இல்லை.

சேலத்து நெசவாளர்களின் நிலைமை வேறு மாதிரி. சோற்றுக்கே இல்லாதபோது யார் புதுத்துணி வாங்குவது? அவர்களுடைய தறி ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே வருமானம் நின்றது. நுண்ணிய வேலைக்குப் பழகிய விரல்கள் சம்மட்டி பிடித்தால், பஞ்சம் முடிந்த பிறகும் நெய்ய முடியாது. நூல் கொடுத்து, நெய்த துணியை அரசே வாங்கிக்கொள்ளும் நிவாரணமும் சில இடங்களில் நடந்தது. இந்த மொத்தக் கதையிலும் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிற இடம் இதுதான். உயிரோடு சேர்த்து அந்த உயிர் செய்யும் தொழிலையும் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

பம்பாய் மாகாணத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் நிவாரணப் பணியை விட்டே வெளியேறினார்கள். பட்டினியில் ஒரு வேலைநிறுத்தம். பூனா சார்வஜனிக் சபை அவர்களுக்காக மனு எழுதியது. சென்னையில் கார்னிஷும் அவருக்குத் துணை நின்றவர்களும் கொடுத்த நெருக்கடியில் 1877 மே மாதம் கூலி உயர்த்தப்பட்டது. அதாவது ஒரு பவுண்டு பரிசோதனை நடந்தது சில மாதம்தான். அந்தச் சில மாதம் மாசி, பங்குனி, சித்திரை. எங்கள் ஊர் வெயில் தெரிந்தவர்களுக்கு அந்த மாதங்களின் அர்த்தம் தெரியும். ஆகஸ்ட் இறுதியில் லிட்டன் பிரபுவே தெற்கே வந்து பார்த்தார். சென்னை நிவாரண முகாம்கள் உல்லாசப் பயணம் மாதிரி இருக்கின்றன என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். சேலம், நாமக்கல், முசிறி, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் கூட்டிக்கொண்டு போவது அதற்கு ஐம்பது வருஷம் முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது. பஞ்சம் அந்த வரிசையை நீளமாக்கியது. கடலைத் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடை. வழியில் காலராவும் காய்ச்சலும். அவர்கள் போய்ச் சேர்ந்த காப்பித் தோட்டங்களிலோ 1869 முதலே இலைத்துரு நோய் பரவிக்கொண்டிருந்தது, சில வருஷத்தில் காப்பியே அழிந்து தேயிலை வந்தது. மலையகத் தமிழர்கள் அங்கே போய் இருநூறு ஆண்டு ஆனதையொட்டி 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஒரு நினைவு நடை நடந்தது. அந்தப் புகைப்படங்களைப் பார்த்தபோது, பாதி முகங்கள் எங்கள் ஊர்ச் சந்தையில் பார்த்த முகங்களாகத் தெரிந்தன.

1877-இன் பிற்பாதியில் மழை வந்தது. பஞ்சத்தைப் பற்றிப் படிக்காதவர்கள் இதோடு கதை முடிந்தது என்று நினைப்பார்கள். வறண்டு கிடந்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது, கொசு பெருகியது, மலேரியா காய்ச்சல் வந்தது. ஒரு வருஷம் பட்டினியைத் தாக்குப்பிடித்த உடம்புகள் மழைக்குப் பிறகான மாதங்களில் விழுந்தன. விதையைத் தின்னாமல் வைத்திருந்தவர்கள், அதை விதைத்துவிட்டு, அறுப்பதற்குள் போனார்கள். பசியால் செத்தார்களா காய்ச்சலால் செத்தார்களா என்று பதிவேட்டில் ஒரு காரணம்தான் எழுத முடியும். காய்ச்சல் என்று எழுதினார்கள்.

இதற்குப் பின் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச ஆணையம் அமைந்தது, 1880-இல் அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து பஞ்சச் சட்டத்தொகுப்புகள் பிறந்தன. யாருக்கு எத்தனை அவுன்ஸ், எந்த வேலைக்கு எந்தப் படி என்ற அட்டவணைகள் அவற்றில் உண்டு. கார்னிஷ் வென்றாரா டெம்பிள் வென்றாரா என்று கேட்டால், அளவில் கார்னிஷ், சோதனை என்ற எண்ணத்தில் டெம்பிள் என்றுதான் நான் சொல்வேன். டெம்பிள் 1877-லேயே பம்பாய் கவர்னர் ஆகிவிட்டார்.

1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்து மக்கள்தொகை ஏறக்குறைய 19.67 லட்சம். 1881-இல் 16 லட்சம். செத்தவர்கள், போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லாம் சேர்த்து மூன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்தில் ஒரு பங்கு. 1891 கணக்கெடுப்பில் 19.63 லட்சம். இருபது வருஷம் கழித்தும் பழைய எண்ணுக்கு இன்னும் சில ஆயிரம் பேர் பாக்கி இருந்தது.